ரிம் மாற்றாமல் பெரிய டயர்?

கேள்வி: என் பிக்கப்பில் கம்பெனி டயர் 265/65 ஆர்17. அதே ரிம்மில் 285/70 போடலாமா?
– வாசகர், தேனி

பதில்: டயர் அளவில் முதல் எண் அகலம் (மி.மீ.), அடுத்தது அந்த அகலத்தில் டயரின் பக்கச்சுவர் உயரம் எத்தனை சதவீதம் என்பது, ஆர்17 என்பது 17 அங்குல ரிம். ரிம் அகலம் 7.5 அங்குலம் என்றால் 285/70 டயர் உட்காரும். ஆனாலும் வேண்டாம் என்பேன். விட்டம் 776 மி.மீ.யிலிருந்து 831 ஆகிவிடும், அதாவது 7 சதவீதம். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் மட்கார்டு உள்ளே உரச வாய்ப்பு அதிகம். மலையேற்றத்தில் இழுவை குறையும், பிரேக்குக்கும் சுமை கூடும்.

265/70 போடுங்கள். தரை இடைவெளி 13 மி.மீ. கூடும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 103-ல் போகும், அவ்வளவுதான். என் பட்டறைக்கு வருகிறவர்களிடம் வற்புறுத்திச் சொல்வேன்: டயரின் லோடு இன்டெக்ஸ் (எவ்வளவு எடை தாங்கும் என்பதைக் காட்டும் குறியீட்டு எண்) பழையதைவிடக் குறையவே கூடாது. அப்புறம், ஸ்டெப்னியையும் அதே அளவுக்கு மாற்றிவிடுங்கள். ஒரு சக்கரம் மட்டும் சின்னதாக இருக்க, தார் ரோட்டில் ஃபோர்வீல் டிரைவ் போட்டு ஓட்டினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) கெட்டுவிடும்.