தெருவுக்கு ஒரு தீர்ப்பு

(பள்ளிக்கூடம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவரின் பதில்கள்)

கேள்வி: என் மகளுக்கு வரும் ஜூனில் ஐந்து வயது முடிகிறது. வீட்டிலிருந்து நான்கு நிமிட நடையில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. சின்ன மாமியார், “அந்தப் பள்ளி மாதிரி வராது, என் பேரன் மூன்றாம் வகுப்பிலேயே செய்தித்தாள் படிக்கிறான்” என்கிறார். எதிர் வீட்டு அக்காவோ 2023-இல் நான்காம் வகுப்பில் இருந்த மகனைத் தனியார் பள்ளிக்கு மாற்றிவிட்டார். அவனுக்குக் கடன் வாங்கிக் கழிக்கக்கூடத் தெரியவில்லையாம். அங்கேயே படித்த என் கணவர், “படிக்கிற பிள்ளை எங்கேயும் படிக்கும்” என்று முடித்துக்கொள்கிறார். “அங்கே யார் வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள் என்று பார்த்தாயா?” என்கிறார் அண்ணன். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகி, திருச்செங்கோடு

பதில்: முதலில் அண்ணனைத் தள்ளி வையுங்கள். அவர் பேசுவது பள்ளியைப் பற்றி அல்ல. “யார் வீட்டுப் பிள்ளைகள்” என்ற கேள்வியை 31 ஆண்டுப் பணியில் எத்தனையோ வாசற்படிகளில் கேட்டிருக்கிறேன். அதற்கு அர்த்தம் என்னவென்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மற்ற மூவர் சொல்வதும் உண்மை. எதிர் வீட்டுப் பையன் 2023-இல் நான்காம் வகுப்பு என்றால், ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது 2020-இல். அந்த மார்ச்சில் கொரோனாவுக்காக மூடிய பள்ளிகள், தொடக்க வகுப்புகளுக்கு மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. அதாவது, ‘அ’னா எழுதவேண்டிய வகுப்பை அவன் வீட்டுத் திண்ணையில் கழித்துவிட்டு, நேராக இரண்டாம் வகுப்பின் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறான். கடன் வாங்கத் தெரியாமல் போனதற்குப் பள்ளியை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த அக்காவையும் குறை சொல்ல மாட்டேன். தன் பிள்ளை பின்தங்கியதைப் பார்த்த தாய்க்குக் காரணம் கேட்டுக்கொண்டிருக்க நேரம் ஏது?

சின்ன மாமியாரின் பேரன் வேறு காலத்துப் பிள்ளை. 2022 ஜூனில், பிள்ளைகளுக்கு எழுத்தும் அடிப்படைக் கணக்கும் வரவேண்டும் என்று ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசுத் திட்டம் வந்தது; முதலில் மூன்றாம் வகுப்பு வரை, அடுத்த ஆண்டு ஐந்து வரை. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, ஆளுக்கேற்ற பயிற்சி கொடுக்கிறார்கள். பெற்றோர் தடுக்கி விழுவது இங்கேதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பு நிலையில் இருந்தால் அவன் பயிற்சி நூலில் முதல் வகுப்புப் பாடம் இருக்கும். பையைத் திறந்து பார்க்கிற அம்மா, “மூன்றாவது படிக்கிறவனுக்கு ஒன்றாவது பாடமா!” என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். பக்கத்துப் பாயில் மலர் நிலையில் உட்கார்ந்திருப்பவனின் பாட்டி, இதைப் போல் பள்ளி உண்டா என்பார். அறை ஒன்று, டீச்சர் ஒருவர், தீர்ப்பு இரண்டு.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. அதைப் பெற்றோர் அதிகம் கேட்பதில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. அந்த இருவரில் ஒருவர் பயிற்சிக்கோ, வாக்காளர் பட்டியல் வேலைக்கோ, மகப்பேறு விடுப்பிலோ போனால், மற்றவர் நிலைமையை நான் அனுபவித்தே இருக்கிறேன்.

விசைத்தறி ஊர் ஒன்றில் நான் வேலை பார்த்தபோது, உடன் இருந்தவர் மாறுதலில் போய், அடுத்த ஆள் வர எட்டு மாதம் ஆனது. 52 பிள்ளைகள், ஐந்து வகுப்பு, நான் ஒருத்தி. ஒன்றாம் வகுப்புக்கு மணலில் எழுத்து. இரண்டு, மூன்றுக்கு வாய்ப்பாடு. நான்கும் ஐந்தும் புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டே இருக்கும். அதில் பாதி வெறும் கை வலி என்பது எனக்குத் தெரியும். டிசம்பரில் ஒரு தறிக்காரர் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தார். சட்டை முழுக்கப் பஞ்சு. “டீச்சர், உங்கள் மேல் குறை இல்லை. கடன் வாங்க எனக்கு நன்றாகத் தெரிகிறது; பையனுக்குத்தான் இன்னும் தெரியவில்லை” என்றார். சிரித்தேன். கையெழுத்துப் போடும்போது பேனா எழுதவில்லை. உதறி உதறி எழுதினேன். அவர் செய்தது சரி. அதே ஆண்டில், தறி வேலை முடியும் வரை பிள்ளைகளை மாலை ஆறு மணி வரை பள்ளியிலேயே வைத்துக்கொண்டேன் என்பதற்காக, என்னைத் தெய்வம் என்று சொன்ன தாய்மார்களும் உண்டு. அவர்கள் பிள்ளைகளுக்கும் கடன் வாங்கத் தெரியாது!

ஆகவே ஊர் வாயைக் கேட்டது போதும், நீங்களே போங்கள். மாணவர் சேர்க்கைக்காகப் பூ, பலூன் கட்டியிருக்கும் நாளில் வேண்டாம். சாதாரணப் புதன்கிழமை, காலை உணவு நேரத்துக்குப் போங்கள். 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசு தொடக்கப் பள்ளியிலும் காலை உணவு உண்டு. பொங்கல் பரிமாறும்போது டீச்சர் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா, “ஏய், நீ” என்கிறாரா என்று காது கொடுத்துக் கேளுங்கள். மகள் என்பதால் கழிப்பறைக்குள் எட்டிப் பார்த்தே ஆகவேண்டும். தாழ்ப்பாளும், வாளியில் தண்ணீரும் இருக்க வேண்டும். பிறகு மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்குங்கள். எல்லாப் பக்கமும் சரி, சரி என்று இருந்தால் நான் நம்ப மாட்டேன். கரும்பலகையைப் பார்த்து எழுதியது அது. தப்பான கணக்குக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, அதற்குக் கீழேயே பிள்ளை திரும்பப் போட்டிருக்கிறதா? அப்படி நாலு பக்கம் இருந்தால் அந்த வகுப்பில் பாடம் நடக்கிறது.

கடைசியாகத் தலைமையாசிரியரிடம், அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரம்பியிருப்பது எத்தனை என்று கேளுங்கள். தயங்க வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அதில் பாதிப் பேர் பெண்கள். மகளைச் சேர்த்தால் நாளை நீங்களே அந்தக் கேள்வியைக் கூட்டத்தில் கேட்கலாம்.

பணியிடம் நிரம்பியிருந்து, நோட்டும் நான் சொன்னபடி இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு மகளைச் சேர்த்துவிடுங்கள். லாரிக்கும் முட்டைக்கும் அடுத்தபடி தனியார் பள்ளிக்குப் பெயர்போன மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைச் செய்ய நெஞ்சுரம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஒரு பணியிடம் காலியாகி மாதக்கணக்கில் ஆகிறது என்றால், குழுவைக் கூட்டி மனு எழுதுங்கள். அதற்குள் ஜூன் வந்துவிட்டால் வேறு இடம் பாருங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு கிடைக்க, மகனை ஒன்றாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் சேர்க்க வேண்டுமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். 2020-இல் வந்த அந்தச் சட்டம் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களைத்தான் கணக்கில் எடுக்கிறது. பையனுக்கு இப்போது பால் பல்லாவது விழுந்திருக்கிறதா?

கேள்வி: அரசுப் பள்ளிக்கு இவ்வளவு பரிந்து பேசுகிறீர்களே, உங்கள் பிள்ளைகள் எங்கே படித்தார்கள்?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: இந்தக் கேள்வி வரும் என்று முதல் இதழிலிருந்தே காத்திருந்தேன். பெரியவள் தனியார் பள்ளியில். சின்னவன் என் பள்ளியில், என் வகுப்பிலேயே; வீட்டுக்கு வந்தும் என்னை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவான், சோறு கேட்கும்போதுகூட. பெரியவளை அங்கே சேர்த்ததற்குக் கொள்கை எதுவும் காரணமில்லை. எனக்கு 7.10-க்குப் பஸ், அந்தப் பள்ளியின் வேன் 8.15-க்கு வாசலுக்கு வந்தது. ஏற்றிவிட மாமியார் இருந்தார். அவள் நன்றாகத்தான் படித்தாள். ஆனால் வேனில் போன நான்கு ஆண்டும் வாரம் ஒரு முறையாவது வாந்தி எடுத்தாள் என்பதை, மாமியார் என்னிடம் பல காலம் கழித்துத்தான் சொன்னார்.