மோசல் ஒயின் எல்லாமே இனிப்புதானா? கடையில் எந்த பாட்டிலை நம்பி வாங்கலாம்?

இல்லை, எல்லாம் இனிப்பு இல்லை. ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையில் விளையும் இந்த ஒயின்களில் துளி இனிப்பும் தெரியாதவை இன்று நிறைய வருகின்றன. ஆனால் "இனிப்பா, அப்ப வேண்டாம்" என்று ஒதுக்கிவிடாதீர்கள் என்பதுதான் என் பதில். அந்த ஆற்றங்கரையின் மிகச் சிறந்த பாட்டில்களில் பல இனிப்பானவை. அந்த இனிப்பு யாரும் கொட்டிய சர்க்கரை கிடையாது, திராட்சையின் சொந்தச் சர்க்கரை. நான் அந்த ஆற்றங்கரை நகரமான ட்ரியரில் குடியிருக்கிறேன். அறுவடைக் காலத்தில் தெரிந்த குடும்பம் ஒன்றின் தோட்டத்துக்குக் கைவேலைக்குப் போவதுண்டு. அதனால் லேபிளைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தத் தோட்டங்கள் நிற்கும் மலைச் சரிவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

மோசல் ஆறு ஜெர்மனிக்குள் சுமார் 240 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஓடி, கோப்லென்ஸில் ரைன் ஆற்றோடு கலக்கிறது. ஏறக்குறைய 50 டிகிரி வட அட்சரேகை. அவ்வளவு வடக்கே, மெதுவாகப் பழுக்கும் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் திராட்சை சமதரையில் ஒழுங்காகப் பழுப்பது கடினம். ஆற்று வளைவுகளில் தெற்கைப் பார்த்து நிற்கும் சரிவுகள்தான் அதைப் பழுக்க வைக்கின்றன. தாழ்ந்து வரும் வெயில் அங்கே நேராக விழுகிறது. ப்ரெம் என்ற ஊரில் கால்மொண்ட் என்று ஒரு தோட்டம் இருக்கிறது. சில இடங்களில் அதன் சாய்வு 60 டிகிரிக்கும் மேல். டிராக்டர் ஏற வழியே இல்லை. ஒற்றைத் தண்டவாளத்தில் ஊர்ந்து போகும் சின்ன வண்டி ஆளையும் கூடையையும் மேலே கொண்டு போகும், மற்றதெல்லாம் கையாலும் காலாலும்தான்.

காலுக்குக் கீழே மண் என்று பெரிதாக எதுவும் இல்லை, எல்லாம் சிலேட்டுக் கல். பள்ளிக்கூடத்தில் எழுதிய அதே கல், சுமார் 40 கோடி ஆண்டு பழசு, கையளவு சில்லுகளாக உடைந்து கிடக்கும். மிதித்தால் சரசரவென்று வழுக்கும். அக்டோபர் மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் போன பிறகு ஒரு சில்லை எடுத்துப் பாருங்கள், கதகதப்பாகவே இருக்கும். பகலில் வாங்கிய சூட்டை இரவில் கொடிக்குத் திருப்பித் தருகிறது. பல தோட்டங்களில் ஒவ்வொரு கொடிக்கும் தனி முளைக்குச்சி நட்டிருப்பார்கள். கம்பி வேலி இல்லாததால் குறுக்கேயும் நடக்கலாம். கவாத்து முடிந்ததும் விட்ட இரண்டு கிளைகளையும் இரு பக்கமும் வளைத்து, இதய வடிவத்தில் கீழே கொண்டுவந்து கட்டுவார்கள். இதற்கு ஈரமான நாள் வேண்டும். காய்ந்த கிளை பட்டென்று முறிந்துவிடும், ஒரு கிளை போனால் அந்தக் கொடியின் பாதி மகசூல் போச்சு. அதனால் பிப்ரவரி, மார்ச் மாதத் தூறலில் குளிரக் குளிர நின்று கட்டிக்கொண்டிருப்பார்கள். பாட்டில் விலையைப் பார்க்கும்போது இந்த உழைப்பையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயம். ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை 19ஆம் நூற்றாண்டில் அழித்த ஃபிலோக்ஸெரா பூச்சிக்கு இந்தச் சிலேட்டுத் தரை ஒத்துவருவதில்லை. அதனால் மற்ற இடங்களில் அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் ஒட்டுக் கட்டிய கொடிகளே இருக்க, மோசலில் சொந்த வேரில் நிற்கும் மிகப் பழைய ரீஸ்லிங் கொடிகளை இன்றும் பார்க்கலாம்.

ரீஸ்லிங் இங்கே கோலோச்சக் காரணங்களில் ஒன்று அரச ஆணை. ட்ரியரை ஆண்ட பேராயர் கிளெமென்ஸ் வென்ட்செஸ்லாவ்ஸ் 1787இல் மட்டமான கொடிகளைப் பிடுங்கிவிட்டு நல்ல வகையை நடச் சொன்னார். இன்று மொத்தப் பரப்பில் 60 சதவீதத்துக்கு மேல் ரீஸ்லிங்தான். லக்சம்பர்க் எல்லைப் பக்கம் சிலேட்டு முடிந்து சுண்ணாம்புக்கல் வருகிறது. அங்கே எல்ப்ளிங் என்ற பழைய வகை, புளிப்பான எளிய ஒயின் தருகிறது. கோடையில் குடிக்க நன்றாக இருக்கும்.

சரி, இனிப்புக்கு வருவோம். குளிர்ப் பிரதேசத்துத் திராட்சையில் புளிப்பு தூக்கலாக இருக்கும். பழச்சாறு நொதிக்கும்போது ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்குகிறது. அந்தக் காலத்தில் ஆயிரம் லிட்டர் மரப்பீப்பாயில் ஊற்றி வைத்த சாறு, குளிர்காலத்தில் நிலவறை குளிர்ந்ததும் பாதியிலேயே நொதிப்பதை நிறுத்திவிடும். இப்போது தேவைப்படும் இடத்தில் குளிரூட்டி நிறுத்துகிறார்கள். மீந்த சர்க்கரை அந்தப் புளிப்போடு சேரும்போது, புளிக்குழம்பில் போட்ட வெல்லம் மாதிரி, தனியாகத் துருத்திக்கொண்டு நிற்காது. புளிப்பில்லாத இனிப்பு ஒயின் இரண்டு வாயில் திகட்டும். காபினெட் என்ற லேசான வகை மோசல், நல்லதாக இருந்தால், அப்படித் திகட்டவே திகட்டாது.

லேபிளில் பெரும்பாலோர் குழம்புவது இங்கேதான். காபினெட், ஷ்பேட்லேஸ, அவுஸ்லேஸ என்ற படிநிலைகள் ஒயின் எவ்வளவு இனிப்பு என்று சொல்வதில்லை. அறுக்கும்போது திராட்சைச் சாறு எவ்வளவு சர்க்கரையோடு இருந்தது என்பதைத்தான் சொல்கின்றன. எல்லாச் சர்க்கரையும் நொதித்துவிட்டால் ஷ்பேட்லேஸகூட இனிப்பில்லாமல் இருக்கலாம், அப்போது "ட்ரோக்கன்" என்று போட்டிருக்கும். "ஃபைன்ஹெர்ப்" என்றால் நடுவாந்தரம், ஆனால் அதற்குச் சட்டப்படி அளவு கிடையாது. இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம் என்றால் ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள். 8 சதவீதம் என்றால் சர்க்கரை நிறைய மிச்சம், நிச்சயம் இனிப்பு. 12 அல்லது அதற்கு மேல் என்றால் பெரும்பாலும் இனிப்பில்லை. பத்து, பத்தரை என்றால் இடையில்.

அடுத்து ஊர்ப் பெயர். பணம் வீணாவது பெரும்பாலும் இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1868இல் பிரஷ்ய அரசு வரி போடுவதற்காக ட்ரியர் வட்டாரத் தோட்டங்களைத் தரம் பிரித்து ஒரு வரைபடம் போட்டது. நல்ல சரிவுகளுக்கு அடர்ந்த நிறம். எந்தச் சரிவு உசத்தி என்பது ஊருக்கே தெரிந்த கணக்காக இருந்தது. 1971இல் வந்த ஒயின் சட்டம் அந்தத் தெளிவைக் கெடுத்துவிட்டது. பல ஊர்த் தோட்டங்களை ஒன்றாக்கி, புகழ்பெற்ற ஓர் ஊரின் பெயரில் விற்கலாம் என்று அனுமதித்தது. பீஸ்போர்ட்டர் கோல்ட்ட்ரோப்ஷன் என்பது பீஸ்போர்ட் ஊரின் அருமையான செங்குத்துச் சரிவு. ரோமானியர்கள் திராட்சை பிழிந்த 4ஆம் நூற்றாண்டுத் தொட்டிகள் அதன் அடிவாரத்தில் கிடைத்தன. பீஸ்போர்ட்டர் மிஷெல்ஸ்பெர்க் என்பதும் பார்க்க அதே மாதிரிப் பெயர். ஆனால் அது பல ஊர்கள் சேர்ந்த பெரிய பரப்பு. சமதரையில் விளைந்த, ரீஸ்லிங்கே இல்லாத ஒயினும் அந்தப் பெயரில் வந்திருக்கிறது. நுகர்வோருக்குச் செய்த அநியாயம் இது என்றே நினைக்கிறேன். சரிவில் முதுகு ஒடிய வேலை செய்பவர்களுக்கும் அதே அநியாயம்தான்.

நம்பி வாங்கக்கூடிய தோட்டப் பெயர்கள் சில சொல்கிறேன். வேலனர் ஸொன்னனூர்: யோடோகுஸ் ப்ரூம் என்பவர் 1842இல் பாறையில் அமைத்த சூரியக் கடிகாரத்தால் வந்த பெயர். நீலச் சிலேட்டு, மென்மையான ஒயின், வெள்ளைப் பீச் வாசம். கொஞ்சம் தள்ளி ஊர்ட்ஸிகர் வ்யூர்ட்ஸ்கார்டன்: அங்கே கல் சிவப்பு, ஒயினில் மசாலா மணம் தெரியும். ஒரே உற்பத்தியாளரின் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள், தோட்டப் பெயருக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது. கிளையாறான ஸார் பள்ளத்தாக்கு இன்னும் குளிர்ச்சி, புளிப்பு கூர்மை. எனக்கு மிகப் பிடித்தது ஸார் காபினெட்தான். மிளகு போட்ட கோழி வறுவலுக்கு அதைவிடப் பொருத்தமான ஒயினை நான் குடித்ததில்லை. ஆல்கஹால் குறைவு, காரத்தைக் கிளப்பிவிடாது.

ஐஸ்வைன், ட்ரோக்கன்பேரன்அவுஸ்லேஸ என்ற மிக இனிப்பான வகைகள் எல்லாம் வேறு உலகம். முன்னதுக்குப் பழம் கொடியிலேயே மைனஸ் 7 டிகிரியில் உறைய வேண்டும். 2019 அறுவடையில் ஜெர்மனி முழுக்க அந்தக் குளிர் வராமல் ஐஸ்வைனே கிடைக்கவில்லை. பின்னது பூஞ்சை பிடித்துக் காய்ந்த பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் செய்வது. தொடக்கத்தில் இவற்றில் பணம் போட வேண்டாம்.

தோட்டக்காரரே பாட்டிலில் அடைத்த, ஊர்ப் பெயரோடு தோட்டப் பெயரும் போட்ட ஒரு காபினெட்டில் தொடங்குங்கள். நன்றாகக் குளிர வைத்துக் குடியுங்கள். முடிந்தால் இரண்டு ஷ்பேட்லேஸ வாங்கி ஒன்றைப் பத்து வருடம் இருட்டான, சூடில்லாத இடத்தில் படுக்க வைத்துவிடுங்கள். சர்க்கரை குறையாது, ஆனால் நாக்குக்கு இனிப்பு அடங்கித் தெரியும். அப்போது லேசாகப் பெட்ரோல் வாடை வரலாம். ரீஸ்லிங் முதிரும்போது இயல்பாக வருவது அது. கெட்டுவிட்டது என்று கீழே கொட்டிவிட வேண்டாம்.