பழைய பீங்கான் தட்டு, ஜாடி: கேள்வி பதில்

ஏற்காட்டுத் தம்பி: அண்ணா, எஸ்டேட் பங்களா சாமான் விக்கறப்ப ஒரு நீலக் கலர் பிளேட் எடுத்தேன், பாலம், மரம், மேல ரெண்டு பறவை. பின்னாடி "மேட் இன் இங்கிலாந்து"ன்னு சீல். 1800ல செஞ்சதுன்னு சொன்னாங்க, நம்பலாமா?

பதில்: இல்ல தம்பி. அமெரிக்காவுல 1890ல மெக்கின்லி வரிச் சட்டம் வந்துச்சு, வெளிநாட்டுச் சாமான்ல நாட்டுப் பேர் இருந்தாத்தான் உள்ள விடுவோம்னாங்க, அதுக்கப்புறம் 1891லருந்துதான் "இங்கிலாந்து"ன்னு பொதுவா போட ஆரம்பிச்சாங்க, "மேட் இன்" சேர்ந்து வந்தா பெரும்பாலும் 1900க்கு இந்தப் பக்கம். உங்க டிசைனுக்கு வில்லோ பேட்டர்ன்னு பேரு, 1790கள்லயே வந்தது, இன்னைக்கும் போடறாங்க, அதனால படத்த வச்சு வயசு சொல்லவே முடியாது. ஓரத்து பார்டர் மேல விரல் வச்சு ஒரு சுத்து வாங்க. எங்கயாச்சும் ஒரு பூ பாதியோட நின்னு பக்கத்துப் பூவோட சேராம இருக்கா? செம்புத் தகட்டுல மை தடவி மெல்லிசு பேப்பர்ல எடுத்து கையால ஒட்டற பழைய முறையில விழற ஜாயின்ட் அது. எனக்கு சீலை விட அந்த ஜாயின்ட் மேலதான் நம்பிக்கை, சீலை எவன் வேணா அடிச்சுடலாம்.

அதே தம்பி: ஆர்டி நம்பர்னு ஒண்ணும் இருக்குங்கண்ணா.

பதில்: அத முதல்லயே சொல்றதில்லையா! இங்கிலாந்துல டிசைன பதிவு பண்ணினதுக்குக் குடுத்த நம்பர் அது, 1884ல ஒண்ணாம் நம்பர்லருந்து ஆரம்பிச்ச வரிசை. அதுக்கு முன்னாடி 1842லருந்து 1883 வரைக்கும் டைமண்ட் ஷேப்ல முத்திரை. ஆனா அது டிசைன பதிவு பண்ணின வருஷந்தான், உங்க பிளேட் அதுக்கு ரொம்ப வருஷம் கழிச்சுக்கூட சூளைக்குப் போயிருக்கலாம்.

ஹஸ்தம்பட்டி அக்கா: மண் சாமானா, போர்சலினான்னு எப்படிப்பா கண்டுபிடிக்கறது?

பதில்: செல்போன் டார்ச்ச பின்னாடி புடிச்சு நடுவுல விரல் வைங்கக்கா. விரல் நிழல் தெரிஞ்சா போர்சலின், அதாவது வெளிச்சம் ஊடுருவற உசத்தி வெள்ளைப் பீங்கான். தெரியலைன்னா அடி வளையத்துல கிளேஸ், அதான் அந்தப் பளபளப்புப் பூச்சு, படாத இடத்துல ஒரு சொட்டு தண்ணி விடுங்க, உறிஞ்சினா மண்ணு.

அம்மாபேட்டை: பாட்டியோட ஊறுகா ஜாடி, மேல பிரவுன், கீழ வெள்ளை. விலை போகுமா?

பதில்: போகாதுங்க. அது ஸ்டோன்வேர், நல்ல சூட்டுல சுட்ட கெட்டி மண் சாமான், இன்னும் புதுசாவே கடையில கிடைக்குது. மாங்கா ஊறப் போடுங்க.

ஆத்தூர்: பெரியவரு பர்மாலருந்து கொண்டுவந்த இடுப்பு உசர ஜாடி, கரும்பழுப்பு, தோள்ல நாலு காது. காயலாங்கடைக்காரர் கேக்கறாரு.

பதில்: குடுத்துடாதீங்க! மர்தபான் ஜாடியா இருக்க வாய்ப்பு இருக்கு. மர்தபான்கறது பர்மாவுல ஒரு துறைமுகம், அந்தப் பேர்ல வித்தாலும் நிறைய ஜாடி தெக்குச் சீனாவுல செஞ்சு கப்பல்ல வந்தது. காது எதுக்குன்னா மூடிய கயிறு போட்டுக் கட்ட. உள்ள, வெளிய, அடி மூணையும் வெயில்ல போட்டோ எடுங்க, தேய்ச்சுக் கழுவாதீங்க, செடி வைக்கறேன்னு அடியில ஓட்டை போட்டா அதோட விலையும் போச்சு.

ஓமலூர்: கோப்பையில முடி மாதிரி கோடு. விலை குறையுமா?

பதில்: கிளேஸ்ல மட்டும் வலை மாதிரி இருந்தா பழசுக்கு சகஜம், பெருசா அடிக்காது. பூச்சத் தாண்டி கோப்பை உடம்புலயே ஓடின விரிசல்னா ரொம்பவே குறையும். நகத்தால தட்டுங்க, கணீர்னு இல்லாம "தொக்"குனு கேட்டா விரிசல். ஒட்டிப் பெயின்ட் அடிச்சிருந்தா கள்ளநோட்டு பாக்கற லைட்டுல அந்த இடம் மட்டும் வேற கலர்ல தெரியும். இன்டர்நெட்ல கேக்கற விலைய பாத்து கனவு காணாதீங்க, வித்து முடிஞ்ச விலையப் பாருங்க.

செவ்வாய்ப்பேட்டை: வெளிநாட்டுல இருக்கற மகளுக்கு அனுப்பலாமா? அதுல சாப்பிடலாமா?

பதில்: நூறு வருஷம் தாண்டினதுன்னா 1972 தொல்பொருள் சட்டப்படி நாமளா வெளிய அனுப்ப முடியாதுங்க. பழசு இல்லைன்னா தொல்லியல் துறைகிட்ட "இது தொல்பொருள் இல்ல"ன்னு சான்றிதழ் வாங்கி அனுப்புங்க. சாப்பாடு வேண்டாம், பழைய கிளேஸ்ல ஈயம் இருக்கலாம், இருந்தா புளி, தயிர், எலுமிச்சை பட்டா கரைஞ்சு இறங்கும்.

சூரமங்கலம்: சிங்கமும் ஒத்தைக்கொம்பு குதிரையும் போட்டு "விக்டோரியா வேர்"னு சீல், ராணி காலத்து ஜக்காம்.

பதில்: அந்தச் சீலே சமீபத்துல கிளப்பி விட்டது. வித்தவருகிட்ட பணத்தத் திருப்பிக் கேளுங்க, தரலைன்னா தண்ணி மொள்ளக்கூட வேண்டாம், பூ வச்சு ஷோகேஸ்ல வைங்க.