கோயில் வழக்கமும் பெண்ணின் சம உரிமையும் மோதினால் அரசியலமைப்பு எதன் பக்கம்?

மதம் ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம் என்று பிரித்துவைத்துக் கேட்பதிலேயே எனக்கு உடன்பாடில்லை. எங்கள் உசிலம்பட்டிப் பக்கம் முளைப்பாரி வளர்ப்பது, விரதம் இருப்பது, பொங்கல் வைப்பது எல்லாம் பெண்கள்தான். அவர்களுக்கும் மத உரிமை உண்டுதானே?

2008-இல் இதே வட்டாரத்திலிருந்து ஒரு வழக்கு போனது. ஒரு துர்க்கை அம்மன் கோயிலில் பரம்பரைப் பூசாரிக்கு உடம்பு முடியாமல் போக, அவர் மகளே பூசையைக் கவனித்துவந்தார், அப்பா இறந்த பிறகு பொம்பளை பூசை வைப்பதா என்று எதிர்ப்பு கிளம்பிவிட்டது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி சந்துரு அந்தப் பெண்ணுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். பெண் பூசாரியாகக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, உள்ளே இருப்பதே பெண் தெய்வம் என்பதையும் சுட்டிக்காட்டினார்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? அரசியலமைப்பின் பிரிவு 25 மத உரிமையை எல்லாருக்கும் சமமாகத் தருகிறது. அதுவும் பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, உடல்நலம், அப்புறம் அடிப்படை உரிமைப் பகுதியின் மற்ற விதிகள், இவற்றுக்கு உட்பட்டுத்தான். அந்த மற்ற விதிகளில் சமத்துவம் பேசும் 14, 15 இரண்டும் வந்துவிடுகின்றன. ஆனால் மதப் பிரிவுகள் தங்கள் காரியங்களை நடத்திக்கொள்ளும் உரிமையைத் தரும் பிரிவு 26-இல் இந்த 'மற்ற விதிகள்' என்ற சொல் இல்லை, அதனால்தான் வழக்கு என்று வந்தால் நாங்கள் தனி மதப்பிரிவு என்று வாதிடுகிறார்கள். எல்லா வயதுப் பெண்களும் போகலாம் என்ற 2018 சபரிமலை தீர்ப்பில் ஐந்து நீதிபதிகளில் நால்வர், ஐயப்ப பக்தர்கள் தனிப்பிரிவு இல்லை என்றார்கள். அதை ஏற்காத ஐந்தாமவரான நீதிபதி இந்து மல்ஹோத்ரா, எது இன்றியமையாத வழக்கம் என்பதை அந்தச் சமயத்தார்தான் சொல்ல வேண்டும் என்றார். 2019-இல் அதிலிருந்து எழுந்த கேள்விகள் பெரிய அமர்வுக்குப் போயின.

மல்ஹோத்ரா சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை, சாமி விஷயத்தை நீதிபதி அளந்து பார்ப்பது எனக்கும் உறுத்தும். ஆனால் சமயத்தார் என்றால் யார்? ஊர்க் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள் மட்டுமா?

எங்கள் ஊரில் கோயில் வரி தலைக்கட்டுக் கணக்குதான், அதாவது ஆம்பளை தலைமையில் இருக்கும் வீட்டுக் கணக்கு. சித்தப்பா இறந்த வருடம் சித்தி முந்தானையில் முடிந்துகொண்டு போய்க் கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டார்கள், ஆனால் இரண்டும் பெண்பிள்ளைகள், ஆம்பளை இல்லாத வீடு என்று வரி நோட்டில் எழுதாமல் நன்கொடையில் எழுதிவிட்டார்கள். கிடா வெட்டிக் கூறு போட்டபோது எல்லா வீட்டுக்கும் தூக்குச்சட்டியில் கறி போனது, சித்தி வீட்டுக்கு மட்டும் வரவில்லை. "கறிய அவங்களே வச்சுக்கட்டும்டா, நோட்டுல எம்பேர எழுதச் சொல்லு" என்றார். நாற்பது வருடமாக அந்தக் கோயிலுக்கு மாவிளக்கு எடுத்தவர்.

அவர் கோயிலை எதிர்க்கவில்லை, கோயிலில் தன் இடத்தைத்தான் கேட்கிறார். அரசியலமைப்பு அவர் பக்கம்தான் என்று நம்புகிறேன். பங்குனிப் பொங்கலுக்கு வரி பிரிக்கும்போது அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கப்போகிறேன்.