ஜெபக் குறிப்பு ஊர்ப்பேச்சான பிறகு

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு, ஸ்தோத்திரம்.

எனக்கு வயது 38. இரண்டு பிள்ளைகள். விட்டிருந்த குடியை என் கணவர் மறுபடி தொட்ட சமயத்தில், எங்கள் செல் குரூப்பில் (வீடுகளில் கூடும் சபையின் சிறு ஜெபக் குழு) ஒரு அக்காவிடம் மட்டும் சொல்லி அழுதேன். "ஜெபிக்கிறேன் தங்கச்சி" என்றார். மூன்றாம் நாள் எங்கள் பெயரோடு அது சபையின் வாட்ஸ்அப் ஜெபக் குழுவில் வந்துவிட்டது. "வீட்டு விஷயத்தைச் சந்திக்கு இழுத்துவிட்டாயே" என்று கணவர் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. அவர் சிகிச்சை எடுத்தார். பத்து மாதமாகக் குடிக்கவில்லை. ஆனால் சபைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்கிறார்.

14 மாதமாக நானும் போகவில்லை. ஞாயிறு காலை யூடியூபில் ஆராதனை பார்க்கிறோம். முதலில் நிம்மதியாக இருந்தது. இப்போது பாதியிலேயே எழுந்துவிடுகிறேன். ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை, தூக்கமும் சரியில்லை. போன் செய்கிறவர்கள், சபை கூடிவருதலை விட்டுவிடக் கூடாது என்னும் எபிரெயர் 10:25ஐச் சொல்லிக் குத்திக்காட்டுகிறார்கள். தேவனோடு நேரடி உறவு இருந்தால் போதாதா? மனுஷர் எதற்கு?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரிக்கு,

உங்களுக்கு நடந்தது சின்ன விஷயம் அல்ல. நம்பிச் சொன்ன ஒன்று, ஜெபம் என்ற பெயரிலேயே வெளியே போயிருக்கிறது. அதனால் இன்று ஜெபமே உங்களுக்குப் பயமான இடமாகிவிட்டது. உட்கார்ந்தால் வார்த்தை வராததை விசுவாசக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சுட்டுக்கொண்ட கை அடுப்பருகே போகத் தயங்குவது போன்றதுதான் அது.

உங்களைக் குத்தும் அந்த வசனத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். "சபை கூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதுபோல" என்ற வரிக்கு முந்தின வசனம், "ஒருவரையொருவர் கவனித்து" என்கிறது. அதே அதிகாரத்தின் 32 முதல் 34 வரை வாசியுங்கள். நிந்தையையும் உபத்திரவத்தையும் சகித்து, ஆஸ்தியையும் பறிகொடுத்த மக்களுக்கு எழுதிய கடிதம் இது. வராதவரைத் தேடிப்போய்க் கவனிக்கும் கடமையை இந்த வசனங்கள் வந்திருப்பவர்கள்மேல் வைக்கின்றன. அதைச் செய்யாமல் பின்பாதியை மட்டும் போனில் வாசித்துக் காட்டுவது சரியல்ல.

இனி உங்கள் கேள்வி. மனுஷர் வேண்டும் என்றே நான் சொல்லுவேன். ஆனால் நிறைய பேர் வேண்டாம். அப்போஸ்தலர் 2:42இல் ஆதிச் சபையார் உறுதியாய்த் தரித்திருந்த நான்கில் ஒன்றைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'அந்நியோந்நியம்' என்கிறது. கிரேக்கத்தில் அது கொய்னோனியா, அதாவது ஒன்றில் சேர்ந்து பங்குள்ளவர்களாக இருப்பது. ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்திருப்பதை அந்தச் சொல் குறிக்கவில்லை. லிம், புட்னம் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்கர்களிடம் நடத்திய ஆய்வை 2010இல் வெளியிட்டார்கள். ஆராதனைக்கு அடிக்கடி போகிறவர்களிடம் வாழ்க்கைத் திருப்தி அதிகம் என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. அந்தத் திருப்தி பெரும்பாலும் சபைக்குள் இருக்கும் நெருங்கிய நண்பர்களால் வருகிறது என்று கண்டார்கள். உள்ளே நண்பர் ஒருவரும் இல்லாமல் வந்துபோகிறவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. இதனால்தான் "ஞாயிற்றுக்கிழமை எழுந்து வந்துவிடுங்கள், எல்லாம் சரியாகும்" என்று நான் சொல்லவில்லை.

வீட்டில் பார்க்கும் ஆராதனை படுத்திருக்கும் நோயாளிக்கு உண்மையான ஆசீர்வாதம். ஆனால் உங்கள் முகம் வாடியிருப்பதை அது பார்க்காது. நீங்கள் எழுந்து போனாலும் அதற்குத் தெரியாது. உங்களால் தாங்கப்பட வேண்டிய இன்னொருவரை உங்கள் அருகே உட்கார வைக்கவும் அதனால் முடியாது. வார்த்தை வராத நாளில் இன்னொருவர் உங்களுக்காகச் சத்தமாக ஜெபிக்க, நீங்கள் 'ஆமென்' மட்டும் சொன்னால் போதும். தனியாக இருக்கும்போது அந்த உதவி கிடைக்காது. கெத்செமனேயில் இயேசுவே மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனார். அவர்கள் தூங்கிப்போனார்கள் என்பது வேறு விஷயம். கூட இருக்கச் சொல்லி அவர் கேட்டார்.

அந்த அக்காவிடம் பேச வேண்டும். மத்தேயு 18:15 சொல்லும் வழி, "நீயும் அவனும் தனித்திருக்கையில்" பேசுவது. வாட்ஸ்அப்பில் வேண்டாம், எழுத்தில் குரல் கேட்காது. நேரில் மூன்று வாக்கியம் போதும்: "நான் உங்களிடம் மட்டும் சொன்னது குழுவில் வந்தது. அதனால் என் வீட்டுக்காரர் சபையை விட்டு விலகினார், நானும் உடைந்துபோனேன். இனி என்னைப் பற்றி எதையும் என்னைக் கேட்காமல் யாரிடமும் சொல்லாதீர்கள்." அவர் "ஜெபத்துக்காகத்தானே போட்டேன்" என்று சொல்லக்கூடும். அந்த இடத்தில் வாதாட வேண்டாம், மூன்றாவது வாக்கியத்தை மட்டும் திரும்பச் சொல்லுங்கள். மன்னிப்பதை அன்றே தொடங்கலாம். நம்பிக்கை அப்படித் திரும்பாது, அவர் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்து மெதுவாகத்தான் வளரும். மன்னித்தவரிடம் இரகசியத்தையும் மறுபடி ஒப்படைத்தாக வேண்டும் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. அடி, மிரட்டல், பாலியல் தொல்லை போன்ற குற்றங்களுக்குத் தனியே போய்ப் பேசும் வழி பொருந்தாது என்பதையும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

சொல்லத் தயக்கமாக இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் பகிர்ந்த பாரத்தில் பாதி உங்கள் கணவருடையது. அழுததில் தவறில்லை. இனி "நான் பயந்துபோயிருக்கிறேன், எனக்காக ஜெபியுங்கள்" என்று உங்கள் பாதியை மட்டும் சொல்லுங்கள். அவருடைய பாதியைச் சொல்ல அவரிடம் அனுமதி கேளுங்கள். அன்று கேட்காததற்காக அவரிடம் ஒருமுறை வருத்தம் தெரிவித்தால், வீட்டில் இறுகிப்போன ஒன்று இளகக்கூடும்.

அடுத்தது, புதிதாகக் கட்டுவது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738இல் சிறு குழுக்களுக்கு விதிகள் எழுதினார். வாரம் ஒருமுறையாவது கூட வேண்டும், நேரம் தவறக் கூடாது, ஒவ்வொருவராகத் தங்கள் ஆத்துமாவின் நிலையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆண்கள் தனியாக, பெண்கள் தனியாகக் கூடினார்கள். 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், ஆலயக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி திரட்ட, சுமார் 12 பேர் கொண்ட வகுப்புகளாகப் பிரித்தார்கள். காசு வாங்க வீடு வீடாகப் போனவர்கள் அந்த வீடுகளின் நிலைமையைக் கண்ணால் பார்த்தார்கள். கடனுக்காகத் தொடங்கிய ஏற்பாடு அப்படித்தான் மேய்ப்புப் பணியாக மாறியது.

உங்களுக்கு 12 பேர் வேண்டாம். உங்களையும் சேர்த்து மூன்று பெண்கள் போதும். பிறர் விஷயத்தை உங்களிடம் ஒருபோதும் கொண்டுவராதவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். மற்றவர் கதையை உங்களிடம் சொல்லுகிறவர், உங்கள் கதையை மற்றவரிடம் சொல்லுவார். வாரம் 90 நிமிடம், ஒரே நாள், ஒரே நேரம். ஒரு சங்கீதம் வாசித்துவிட்டு, ஆளுக்குப் பதினைந்து நிமிடம் பேசுங்கள், மீதி நேரம் ஜெபம். முதல் நாளே இரண்டு விதிகளை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். ஒருவருடைய ஜெபக் குறிப்பு, அவர் சம்மதித்து, அவர் சொன்ன வார்த்தைகளில் மட்டுமே வெளியே போகும். கேட்காத வரை யாரும் புத்திமதி சொல்லக் கூடாது.

ஆரம்பத்திலேயே பெரிய விஷயத்தைக் கொட்ட வேண்டாம். வெளியே போனாலும் வலிக்காத ஒன்றைச் சொல்லி, நான்கு வாரம் பாருங்கள். அது வேறு யார் வாயிலிருந்தும் திரும்பி வரவில்லை என்றால் அடுத்த படி. இப்படிச் சோதிப்பதில் குற்ற உணர்வு வேண்டாம்.

இப்படிப்பட்ட குழுக்கள் உடைவது பெரும்பாலும் ஒருவரே பேசுவதால், அல்லது வேதபாடம் நடத்திக்கொண்டே யாரும் தன்னைப் பற்றி வாய் திறக்காததால். இரண்டாவதைக் கண்டுபிடிப்பது கடினம், எல்லாம் நன்றாக நடப்பதுபோலவே இருக்கும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை "நாம் உண்மையைப் பேசுகிறோமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவசரமும் வேண்டாம். ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளர் 2018இல் கணக்கிட்டபடி, அறிமுகமானவர் சாதாரண நண்பராகச் சுமார் 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும், நெருங்கிய நண்பராக 200 மணிக்கு மேல். வாரம் ஒன்றரை மணி நேரம் என்றால் முதல் படிக்கே எட்டு மாதம் ஆகும். மூன்றாம் வாரத்தில் ஒட்டவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

ஞாயிறு ஆராதனைக்கு இது வேரூன்றிய பின் போகலாம், அந்த மூவரில் ஒருவரோடு சேர்ந்து. பழைய சபைதான் என்றில்லை. கேள்வி கேட்டால் கலகம் என்பதும், அறிக்கையிட்டதைப் பிரசங்கத்தில் எடுப்பதும் வழக்கமாக இருந்தால் வேறு சபைக்குப் போவது பின்மாற்றம் (விசுவாசத்தை விட்டு விலகுவது) ஆகாது. ஒருவர் செய்த தவறு மட்டும்தான் என்றால், ஜெபக் குழுவுக்கு அனுமதி விதி ஒன்றை வைக்கும்படி போதகரிடம் கேளுங்கள்.

கணவரை இழுக்க வேண்டாம். அவருக்குத் தேவை, குடியை விட்டுப் பல வருடம் நிலைத்திருக்கும் ஓர் ஆண் நண்பர். குடியை விட விரும்புகிறவர்கள் கூடும் அமைப்பாக 1935இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் ('பெயர் சொல்லாத குடிநோயாளிகள்'), ஆக்ஸ்ஃபோர்டு குரூப் என்ற கிறிஸ்தவ ஐக்கியத்திலிருந்து வளர்ந்தது. பெயர் வெளியே வராது என்பதை அது தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. அவருக்குப் பட்ட காயம் எதுவோ, அதற்கு அங்கே முதலிலேயே பாதுகாப்பு உண்டு. விருப்பமிருந்தால் அவராகப் போகட்டும்.

தூக்கக் குறைவும் எதிலும் நாட்டமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே பாருங்கள். எலியா தீர்க்கதரிசி தன் வேலைக்காரனைப் பெயெர்செபாவில் விட்டுவிட்டுத் தனியே போய்ச் சூரைச்செடியின்கீழ் சாகக் கேட்டபோது, தேவன் முதலில் கொடுத்தது உறக்கமும் அப்பமும் தண்ணீரும். உபதேசம் எதுவும் அப்போது இல்லை. பின்பு துணைக்கு எலிசாவைக் கூட்டினார்.

இந்த வாரம் ஒரே ஒரு பெண்ணுக்கு இப்படி எழுதினால் போதும்: "அக்கா, உங்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஜெபிக்க ஆசை. நான் அதிகம் பேசமாட்டேன். செவ்வாய் மாலை முடியுமா?"