காமிக்ஸ் ரசிகர்கள் ஏன் இன்னும் வீடியோ கேசட் சேர்க்கிறார்கள்?

எல்லாமே ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கும்போது பழைய கேசட் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். படத் தரத்துக்காக நிச்சயம் இல்லை. விஹெச்எஸ் என்ற வீடியோ கேசட் வகை தருவது சுமார் 240 கோடுகள் அளவுத் துல்லியம்தான். டிவிடியே அதைத் தாண்டிவிடும்.

காமிக்ஸ் சேர்ப்பவருக்குக் கதை மட்டும் போதாது, பொருளும் வேண்டும். அட்டை ஓவியம், பழுப்பேறிய தாள், பின்பக்க விளம்பரம் எல்லாம் சேர்ந்ததுதான் ஓர் இதழ். 1976-ல் ஜேவிசி கொண்டுவந்த விஹெச்எஸ்ஸிலும் அதே ஈர்ப்பு இருக்கிறது: கையில் கனக்கும் பெட்டி, தூரிகையால் வரைந்த அட்டைப்படம், படத்துக்கு முன்னால் ஓடும் டிரெய்லர்கள்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட அருமையாகப் படுவது, வீட்டில் டிவியிலிருந்து பதிவு செய்த கேசட்டுகள். 1992-ல் தொடங்கிய பேட்மேன், எக்ஸ்-மென் கார்ட்டூன்களை இப்படிப் பதிந்து வைத்தவர்கள் உண்டு. நடுவே வரும் விளம்பரங்கள், சேனல் அறிவிப்புகள், பொத்தானைத் தாமதமாக அழுத்தியதால் பாதியில் தொடங்கும் டைட்டில் பாட்டு... இதெல்லாம் எந்த டிவிடியிலும் வராது.

சரி, உங்களிடம் கேசட் இருந்தால்? புத்தகம் போல நிமிர்த்தி, ஈரமும் வெயிலும் படாமல் வையுங்கள். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டவே ஓட்டாதீர்கள். அது பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். கடைசிவரை விசிஆர் (கேசட் பிளேயர்) தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016-ல் அதை நிறுத்திவிட்டதால் நல்ல பிளேயர் கிடைப்பதே கடினம். அதனால் வீட்டுப் பதிவுகளை முதலில் டிஜிட்டலுக்கு மாற்றுங்கள், கடையில் வாங்கியவை அப்புறம்.