செரிமான மாத்திரை: அட்டையில் எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பிக்கொள்கிறது. கடையில் இரண்டு செரிமான மாத்திரைகளைக் காட்டினார்கள். ஒன்றில் ‘பேன்கிரியாட்டின் 170 மி.கி.’, மற்றதில் ‘லிப்பேஸ் 10,000 யூனிட்’ என்று போட்டிருக்கிறது. எது வீரியமானது? அளவு பெரிது, உடைத்து விழுங்கலாமா?

பதில்: உடைக்காதீர்கள், மெல்லவும் வேண்டாம். பேன்கிரியாட்டின் என்பது பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கும் நொதிக் கலவை (சைவர்களும் சமயக் காரணத்தால் தவிர்ப்பவர்களும் கவனிக்க). மாவுச்சத்தை அமைலேஸும், புரதத்தைப் புரோட்டியேஸும், கொழுப்பை லிப்பேஸும் பிரிக்கும். இவை வேலை செய்யவேண்டிய இடம் இரைப்பை அல்ல, அதை அடுத்த முன்சிறுகுடல். வெறும் இரைப்பையின் பிஹெச் (அமிலத்தின் அளவுகோல்; எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்) 1.5 முதல் 3.5 வரை இருக்கும். பிஹெச் 4-க்குக் கீழே லிப்பேஸ் செத்துப்போகும், திரும்ப உயிர்பெறாது. அதற்காகத்தான் சுமார் 5.5-க்கு மேல் மட்டுமே கரையும் ‘என்டெரிக் கோட்டிங்’ பூசுகிறார்கள். உடைத்தால் அந்தக் கவசம் போச்சு. வாயிலேயே தங்கினால் நொதி உள்சதையைக் கடித்துப் புண்ணாக்கும். விழுங்க முடியாதவர்கள் உள்ளே குட்டி உருண்டைகள் உள்ள கேப்சூலாக வாங்கி, திறந்து, புளிப்பான மென்மையான உணவில் கலந்து, மெல்லாமல் உடனே விழுங்கலாம்.

எடையை வைத்து வீரியத்தை எடைபோட முடியாது. ஒரே மில்லிகிராமில் நொதியின் செயல்திறன் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். மூன்று நொதிகளுக்கும் தனித்தனி யூனிட் (செயல்திறனின் அளவு) அச்சிட்டிருக்கும் அட்டையையே நம்புங்கள்; வெறும் மி.கி. மட்டும் போட்டிருப்பதை வைத்துவிட்டு வரலாம். காலாவதித் தேதியும் முக்கியம்: வெப்பமும் ஈரமும் நொதியைத் தின்றுவிடும். டப்பாவுக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைத் தூக்கி எறியாதீர்கள். சாப்பிட்டு முடித்து வெகுநேரம் கழித்துப் போடுவதிலும் பயனில்லை. முதல் கவளத்தோடு போடவேண்டும்.

ஆனால் உங்களுக்கு இரண்டுமே தேவைப்படாது என்றே தோன்றுகிறது. கணையத்துக்கு இருப்பு தாராளம். நொதிச் சுரப்பு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்தால்தான் கொழுப்பு செரிக்காமல் போகும். அப்போது மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையோடு, கடும் நாற்றத்துடன் போகும், எடையும் இறங்கும். அப்படி இருந்தால் கடைக்கு அல்ல, மருத்துவரிடம் போங்கள். மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய நொதியின் அளவைப் பார்க்கச் சொல்வார்.

வெறும் உப்புசத்துக்குப் பாலைச் சந்தேகியுங்கள். பால் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் சிறுகுடல் சுவரில் இருப்பது. பேன்கிரியாட்டினில் அது கிடையாது. உடையாத சர்க்கரை பெருங்குடலுக்கு இறங்க, அங்குள்ள கிருமிகள் அதை வாயுவாக்குகின்றன. இரண்டு வாரம் பாலை நிறுத்துங்கள். உப்புசம் அடங்கினால் லாக்டேஸ் மாத்திரையை வாங்குங்கள், அதையும் பாலோடு சேர்த்தே போடுங்கள்.

கேள்வி: பெப்சின் கலந்த செரிமான டானிக்கோடு ஆன்டாசிடும் குடிக்கலாமா?

பதில்: பணம் வீண். இரைப்பையில் புரதத்தைப் பிரிக்கும் நொதியான பெப்சினுக்கு அமிலம் வேண்டும். ஆன்டாசிட் அதைத்தான் அழிக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை, தைராய்டு மாத்திரை, சில ஆன்டிபயாட்டிக் ஆகியவற்றையும் ஆன்டாசிட் பிடித்துவைத்து உடலில் சேரவிடாது. தைராய்டு மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி விடுங்கள். மற்றவற்றுக்கு எவ்வளவு என்று மருந்தாளுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.